தானாக அசைந்த கை

கை முதலில் அசைந்ததா, அக்கா முதலில் எழுதினாளா என்பது எனக்கு உறுதியாகத் தெரியாது. அக்காவே அதை இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறாள். மற்றதெல்லாம் ஏறக்குறைய நடந்தபடிதான்.

மருத்துவமனையில் அவளுக்குக் கோட்டக்கா என்று பெயர். நோயாளியின் தலையில் பசை தடவிக் கம்பிகளை ஒட்டி, மூளையின் அலைகள் திரையில் கோடுகளாக ஓடுவதைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையில் ஒரு விதி உண்டு. நோயாளி அசைந்தால் தசைத் துடிப்பில் கோடுகள் கறுத்துக் குழம்பிவிடும். எந்த மருத்துவராலும் படிக்க முடியாது. அதனால் உடனே, "நீங்களா அசைச்சீங்களா, தானா அசைஞ்சுதா?" என்று கேட்டு, பதிலை அந்த இடத்தில் குறிக்க வேண்டும். "அதை என் பெண்டாட்டியத்தான் கேக்கணும்" என்று ஒருவர் சொன்னதைச் சொல்லிச் சொல்லிப் பல நாள் சிரித்தார்கள்.

அவளுடைய சொந்தத் தம்பி வந்து படுத்தபோது மட்டும் அவள் அதைக் கேட்கவில்லை.

அவன் ஒரே மாதத்தில் மூன்று முறை மனைவியை அறைந்திருந்தான். மூன்றாவது அடியில் அவளுக்கு ஒரு காது மந்தமாகிவிட்டது. பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டாள். அடித்தது நினைவே இல்லை என்று சாதித்தான் தம்பி. சின்ன வயதில் வலிப்பு வந்தவன் என்பதால் அக்கா அவனைக் கூட்டிவந்தாள். பதிவின் நடுவே அவனுடைய வலது கை வீசிக் கட்டில் கம்பியில் மோதியது. 'தானாக' என்று குறித்தாள். மற்ற கோடுகளில் வலிப்போ என்று சந்தேகப்படும்படி ஓரிரு கூர்முனைகள், அவ்வளவுதான். மருத்துவர் குறிப்பை நம்பி மாத்திரை எழுதினார். தம்பி சாதுவானான்.

தம்பி மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். பதிவை அச்செடுத்த தாளோடு சாப்பாட்டு இடைவேளையில் அங்கே போனாள் அக்கா. மூளையும் கல்லீரல் மாதிரி ஒரு சதைதான், அதில் கோளாறு, காய்ச்சல்காரன் உளறினால் கோபித்துக்கொள்வோமா, வீட்டுக்கு வந்துவிடு என்று எடுத்துச் சொன்னாள். நல்ல காதை அவள் பக்கம் திருப்பியபடி தம்பி மனைவி கடைசிவரை கேட்டாள்.

"அடிச்சது நோய். சரி அண்ணி. இப்ப அடிக்காம இருக்கிறது மாத்திரை. அப்ப எனக்கு உடம்பு முடியாதப்ப வேலைக்குப் போகாம பக்கத்துலயே உக்காந்திருந்தது யாரு? அதுவும் அந்தச் சதைதானா?"

அக்கா தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி கேப்பீங்களே. இவர்கிட்ட கேட்டீங்களா?"

கேட்டேன் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எது அதை நிறுத்தியது என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது.

"இல்லம்மா. கேக்கல."

"போய்க் கேளுங்க. என்ன சொல்றாரோ அப்படியே வந்து சொல்லுங்க. வரதா வேணாமான்னு அப்புறம் பாக்கலாம்."

அன்று மாலை தம்பி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். அக்கா கேட்டாள். அவன் நான்கு சட்டைகளை மடித்து அடுக்கினான்.

"நீ எழுதினதைப் பாத்துதான்க்கா நானும் தானான்னு நம்பிட்டேன். அன்னிக்கு அசைக்கணும்னு தோணிச்சு, அசைஞ்சுது. தோணினது எங்கேருந்துன்னு தெரியல."

"அவளை அடிச்சப்ப?"

"அப்பவும் தோணிச்சு. நிறுத்தியிருக்க முடியுமான்னு தெரியல." இன்னொரு சட்டையை எடுத்தான். "நெனப்பில்லைன்னு சொன்னேன்ல, அது பொய். அதை நான்தான் சொன்னேன். அது மட்டும் நல்லாத் தெரியும்."

மறுநாள் அக்கா ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் கடையில் போய்ச் சொன்னாள். தம்பி மனைவி தலையசைத்தாள்.

"நோயோட இருந்திருப்பேன் அண்ணி. பொய்யோட முடியாது," என்று சொல்லிவிட்டு வேலைக்கு எழுந்து போனாள்.

அவள் திரும்பி வரவில்லை. காதும் முழுதாகச் சரியாகவில்லை. இப்போது அந்தக் கடையை நடத்துவதே அவள்தான். அக்கா குறிப்பைத் திருத்தச் சொல்லி மருத்துவரிடம் தானே போய் நின்றதால், பதிவறையிலிருந்து சீட்டு கொடுக்கும் மேசைக்கு மாற்றப்பட்டு, அங்கிருந்தே ஓய்வு பெற்றாள். தம்பிக்கு மாத்திரையை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் அவன் யாரையும் அடிக்கவில்லை, தனியாகத்தான் இருக்கிறான்.