ரெண்டு ஆப்பு காணும்

எங்கள் வம்சத்தில் பொய் சொன்னவர் கிடையாது. ஆகவே காப்பார் சாலைப் பாலம் விழுந்த விஷயத்தில் என் மகன் சிவகுருநாதன் ஒன்று சொல்ல, கங்காணி ரெங்கசாமி வேறொன்று சொன்னபோது, இருவரில் யார் பொய்யன் என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை.

கோலாலம்பூருக்கு மேற்கே கிள்ளான் ஊரைத் தாண்டி ஓர் ஓடையின் மேல் கட்டிய சிறிய பாலம் அது. வெள்ளம் அடித்துச் சென்ற மரப்பாலத்துக்குப் பதிலாக ஒரு தனியார் கம்பெனி கொங்கிரீட்டில் கட்டியது. என் மகன் அந்தக் கம்பெனியின் எஞ்சினியர். கொங்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்குவதற்குக் கீழே மரக்கால்கள் நிறுத்தி, ஒவ்வொரு காலின் அடியிலும் நான்கு மர ஆப்புகளை அடித்து இறுக்குவது வழக்கம். கொங்கிரீட் கொட்டிய அன்றே நடுக்கால் நழுவிப் பாலத்தின் மேல்தட்டு மடிந்து விழுந்தது. அடியில் நின்ற சின்னையா என்ற கூலியாள் இறந்துபோனான். நடுக்காலில் இரண்டு ஆப்புகளே இருந்தன என்று பிறகு தெரிந்தது.

"ஆப்பெல்லாம் சரியோ எண்டு கேட்டனான் அப்பு. நடுக்காலுக்கு ரெண்டு ஆப்பு காணும் எண்டு கங்காணிதான் சொன்னவன்" என்றான் மகன். "அந்தக் கால் கல்லில நிக்குது, அதாலதான் சொல்லுறான் எண்டு நினைச்சுக் கொட்டச் சொன்னன். இப்ப, ஆப்பு இல்லையெண்டு முதலே சொன்னனான் எண்டு நிக்கிறான்."

"அவன் நிக்கட்டும். நீ நிமிர்ந்து நில்" என்றேன்.

கம்பெனி தன்னைத்தானே விசாரித்தால் ஊர் நம்பாது. அரசாங்கம் சிவில் எஞ்சினியர்மார் சங்கத்திடம் பொறுப்பைக் கொடுத்தது. அதன் தலைமையகம் லண்டனில். கிளைகள் பல நாடுகளில். சென்ற வருடந்தான் என் மகனை உறுப்பினனாகச் சேர்த்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதல் ஆள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டு முன்னறையில் அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தேன். விசாரணையில் மகன் பக்கம் தவறு என்று ஆனால் அது சுவரில் இருக்காது. கங்காணி பக்கம் என்றால் அவனைப் பொலிஸில் ஒப்படைப்பார்கள்.

கோலாலம்பூரில் விசாரணை நடந்த மண்டபத்துக்கு நானும் மகனுடன் போனேன். வாசலில் சின்னையாவின் மனைவி வீரம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். கூலியாட்கள் சிலர் சுற்றி நின்றார்கள். அவர்களில் பழனியப்பன் என்பவன், எனக்குக் கேட்க வேண்டும் என்றே குரலை உயர்த்தினான்.

"தீர்ப்பு எழுதியாச்சு லா. எஞ்சினியரு சிலோன்காரரு. மொழிபெயர்க்கிறவரு சிலோன்காரரு. நம்ம ரெங்கசாமி வாயத் தொறந்தா என்ன, மூடினா என்ன?"

"சும்மா இருடா. பெரிய மனுஷர் போறாரு" என்றான் இன்னொருவன்.

"பெரிய மனுஷரு யாருக்குப் பெரியவரு? அவரு புள்ளைக்கு."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் முதுகு சுட்டது. நீதிமன்றத்தில் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தூக்குக் கயிற்றுக்குப் போகிறவன் சொன்னதைக்கூட ஓர் எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னவன். முத்துக்குமாரு நிற்கும் அறையில் சொல் வளையாது என்று வக்கீல்மார் என்னைப் பற்றிச் சொல்வார்கள்.

சங்கத் தலைவர் ஒரு வயதான ஸ்காட்லாந்துக்காரர். அவர் எழுந்து சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. "இந்தச் சங்கம் உறுப்பினர்களுக்காக இருக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. பாலத்தின் மேல் நடக்கிறவனுக்காகவும் அடியில் வேலை செய்கிறவனுக்காகவும் இருக்கிறது. நாம் இங்கே காணும் முடிவு கொழும்புக்கும் ரங்கூனுக்கும் மொம்பாசாவுக்கும் அனுப்பப்படும். அங்கேயும் இன்று இதே மாதிரி கால்கள் நிற்கின்றன." உறுப்பினரின் மானத்தைக் காக்காத சங்கம் என்ன சங்கம் என்று எனக்குத் தோன்றியது.

என் மகன் ஆங்கிலத்தில் தெளிவாகச் சாட்சி சொன்னான். பிறகு ரெங்கசாமியை அழைத்தார்கள். நரைத்த மீசை, துவைத்து மடிப்புக் கலையாத சட்டை. மொழிபெயர்ப்பாளன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத வாலிபன்.

"எஞ்சினியர் கேட்டதற்கு நீர் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்லும்."

"நடுக்காலுக்கு ரெண்டு ஆப்பு காணும்ங்கய்யான்னு சொன்னேன்."

வாலிபன் ஆங்கிலத்தில் சொன்னான்: "நடுக்காலுக்கு இரண்டு ஆப்புகள் போதும் என்று சொன்னேன் என்கிறார்."

விசாரணைக் குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்படியானால் எஞ்சினியர் சொன்னதைச் சாட்சியே ஒப்புக்கொள்கிறாரே!" என்றார் தலைவர். "இவ்வளவுதானா என்று கேளும்."

"இவ்வளவுதானோ?"

"அவ்வளவுதாங்க. நான் சொன்னத மாத்தல" என்று ரெங்கசாமி தலை நிமிர்ந்தான். என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. தான் ஜெயித்ததாகவே நினைத்தான். என் மகன் பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடினான்.

அதே சொல்லை என் மகன் வாயிலிருந்து கேட்டபோது அதற்கு ஒரே பொருள்தான் இருந்தது. எங்கள் வீட்டில் சோறு காணும், தண்ணீர் காணும் என்றால் போதும் என்று அர்த்தம். ஆனால் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் வாயில் அந்தச் சொல் வேறு. நானும் என் மனைவி சிவமலரும் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த ஊருக்கு வந்த புதிதில், சலவைக்காரன் துணி மூட்டையை இறக்கிவைத்து, "ஒரு வேட்டி காணும்மா" என்றான். "ஒண்டு காணுமெண்டால் சரி" என்று அவள் அனுப்பிவிட்டாள். மற்ற வேட்டி அன்றோடு போனதுதான். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். என் மகன் அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை. படிப்புக்காக யாழ்ப்பாணத்தில் மாமன் வீட்டிலேயே வளர்ந்தவன் அவன்.

ரெங்கசாமி சொன்னது, இரண்டு ஆப்புகள் இல்லை என்று.

"விசாரணையை முடிக்கலாமா?" என்று தலைவர் கேட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. கேட்டாலும், எங்கள் தமிழில் அந்த மொழிபெயர்ப்பு சரி. பழனியப்பன் கதவருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்வைக்காக நான் எழும்பவில்லை. தப்பான மொழிபெயர்ப்பு ஒன்று என் காதுபட ஓர் அவையில் ஏறுகிறது. அதை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க என் முதுகெலும்பு சம்மதிக்கவில்லை.

"அந்த மொழிபெயர்ப்பு பிழையானது" என்றேன்.

"நீங்கள் யார்?"

"எஞ்சினியரின் தகப்பன்."

சிலர் சிரித்தார்கள். "தகப்பனார் மகனுக்கு உதவி செய்ய இங்கே இடமில்லை" என்றார் குழுவில் ஒருவர்.

"நான் சொல்லப்போவது என் மகனுக்கு உதவாது."

சிரிப்பு நின்றது. தலைவர் கையால் என்னை முன்னே அழைத்தார். மகன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அப்பு?" என்றான், மெதுவாக. நான் அவனைப் பார்க்காமல் கங்காணியிடம் போனேன்.

"ரெங்கசாமி, அந்த ரெண்டு ஆப்பும் இருந்துச்சா, இல்லையா?"

"என்னங்கய்யா இது! இல்லன்னுதானே காணும்னு சொல்றேன்! தேடிப் பாத்தோம், கெடைக்கல. ஐயாகிட்டச் சொன்னேன். சரி, கொட்டுங்கோன்னுட்டாரு. படிச்சவரு, கணக்குப் பண்ணித்தான் சொல்றாருன்னு நெனச்சேன்."

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரே சொல்லுக்கு இரண்டு கரைகளிலும் உள்ள பொருளையும் சொன்னேன். மொழிபெயர்ப்பாள வாலிபன் முகம் வெளுத்து, "எனக்குத் தெரியாது ஐயா, சத்தியமாத் தெரியாது" என்றான்.

"ஆகவே இருவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை" என்று நான் முடித்தேன். அதை அழுத்திச் சொன்னேன். அதோடு எல்லாம் தீர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை எனக்கு இருந்தது.

தலைவர் என் மகனிடம் திரும்பினார். "சொல் இரண்டு பொருள் தரும். ஆப்பு தராது. நீர் குனிந்து அதைப் பார்த்தீரா?"

"கேட்டேன்" என்றான் சிவகுருநாதன்.

"நான் அதைக் கேட்கவில்லை."

"பார்க்கவில்லை" என்றான் என் மகன்.

குழு உள்ளே போய்த் திரும்பியது. கங்காணிமேல் குற்றமில்லை. என் மகனின் உறுப்புரிமை நிறுத்திவைக்கப்பட்டது. எந்த எஞ்சினியரும் இனி வாய்ச்சொல்லைக் கொண்டு ஒப்புதல் கொடுக்கலாகாது, ஒவ்வோர் ஆப்பையும் தன் கையால் தட்டிப் பார்த்த பிறகே கொங்கிரீட் கொட்ட வேண்டும் என்று எல்லாக் கிளைகளுக்கும் எழுதுவதாக முடிவு. அறிக்கையில் மகனின் பெயரை விட்டுவிடலாமா என்று தலைவர் என்னைப் பார்த்துக் கேட்டார். கொழும்பில் அதை எங்கள் சொந்தக்காரர் மூன்று பேராவது வாசிப்பார்கள்.

"போடுங்கள்" என்றான் மகன், எனக்கு முந்தி. "பெயர் இல்லாவிட்டால் யாரோ ஒரு முட்டாள் என்று நினைத்து மறந்துவிடுவார்கள்."

வெளியே வந்தோம். வீரம்மாவுக்கு ரெங்கசாமி குனிந்து ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். அவள் எழுந்து என் மகனை நேராகப் பார்த்தாள். "அந்த ஆப்ப நீங்களே பாத்திருக்கலாமே சாமி" என்றாள், அவ்வளவுதான். அவன் அவள் முன்னால் தலை குனிந்து நின்றான். எங்கள் வம்சத்தில் யாரும் ஒரு கூலிப் பெண் முன்னால் அப்படி நின்று நான் கண்டதில்லை. தடுக்கவும் எனக்குத் தோன்றவில்லை. பழனியப்பன் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினான்.

வீட்டில் சிவமலர் சாப்பாடு போட்டாள். விஷயத்தைக் கேட்டதும், "இஞ்சாருங்கோ, பெத்த பிள்ளையை இப்பிடிச் செய்துபோட்டியளே" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். சான்றிதழ் இருந்த இடத்தில் சுவர் வெளுத்துத் தெரிந்தது. வந்ததும் முதல் வேலையாக அவனே அதைக் கழற்றியிருந்தான்.

அவள் இரண்டாம் முறை சோறு வைக்கக் கரண்டியை நீட்டினாள். அவன் தட்டின் மேல் கையை வைத்து மறித்தான். அவன் வாய் பழைய சொல்லுக்குத் திறந்து நின்றது.

"போதும்" என்றான்.