நூற்று இருபது ஓட்டு

பர்மிய நகரப் பகுதியான தாமுவேயில் தமிழ்ச் சங்கம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு இரண்டே அறைகள், ஒரே கழிப்பறை. மழை பிடித்தால் தகரக் கூரைச் சத்தத்தில் எல்லோரும் 'சயாமா' என்றழைக்கும் ஆசிரியை மெஹ்ரீன் சொல்வது முதல் பெஞ்சுக்குக்கூடக் கேட்காது. அதையாவது சமாளிக்கலாம். பெண் பிள்ளைகள் பன்னிரண்டு வயதானதும் ஒவ்வொருத்தியாக நின்றுவிடுவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஏன் என்று கேட்டால், தாய்மார்கள் அந்த ஒற்றைக் கழிப்பறையைத்தான் சொன்னார்கள்.

பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறையோடு மாடி எழுப்ப ஒரு வழி இருந்தது. சங்கம் தன் உறுப்பினர்களுக்கே கடன் பத்திரம் விற்று, ஐந்து வருடத்தில் சங்க மண்டபத்துக்கு வரும் வாடகையிலிருந்து திருப்பித் தரலாம். முஸ்லிம் குடும்பங்களும் வாங்க வேண்டுமென்பதால் வட்டி கிடையாது. ஆனால் சங்கம் கடன் வாங்க, மொத்தமுள்ள நூற்று எண்பது குடும்ப ஓட்டில் நூற்று இருபது ஆதரவாக விழவேண்டும். போன வருடம் எண்பத்தெட்டு பேர்தான் வந்தார்கள். அத்தனை பேரும் ஆதரித்தும் தீர்மானம் தோற்றது.

மெஹ்ரீன் விடவில்லை. இந்த வருட ஓட்டுக்கு முன், வராதவர்களின் வீடுகளுக்குப் போனாள். முதலில் போனது பவானி வீட்டுக்கு. பவானியின் மகள் படிப்பை நிறுத்தி இரண்டு மாதமாகியிருந்தது.

"அவருக்கு ஞாயித்துக்கிழமையும் போட்டாதாங் துறைமுக ஜெட்டியில மூட்டை வேலை, சயாமா. எப்படி வருவாரு? சங்கம் குடுத்த குடும்ப ஓட்டுக் கார்டு அந்தா, அலமாரியில கெடக்கு" என்றாள் பவானி.

மெஹ்ரீன் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். வீட்டு எண் இருந்தது. ஆள் பெயர் இல்லை.

"நீங்க வாங்களேன், அக்கா."

"நானா? பொம்பளைங்க ஓட்டுப் போட்டதே இல்லையே!"

அன்றே மெஹ்ரீன் சங்கத்தின் விதிப் புத்தகத்தை வாங்கிப் படித்தாள். அடுத்த மூன்று வாரம், பள்ளி விட்டதும் தெருத் தெருவாக நடந்தாள்.

ஓட்டுப் போடும் ஞாயிறு காலை, ஆலைப் பகுதியான ஷ்வேப்யிதாவிலிருந்து இரண்டு வாடகை வண்டிகள் வந்து நின்றன. அங்கே தையல் ஆலைகளில் வேலை செய்யும் சங்கக் குடும்பப் பெண்கள், கையில் அட்டையோடு இறங்கினார்கள். தாமுவே பெண்கள் ஏற்கெனவே வாசல்வரை வரிசையில் நின்றார்கள். முன்னால் பவானி.

செயலாளர் மகேந்திரன் கதவில் கையை வைத்து மறித்தார். "இது கடன் விசயம்மா. நாளைக்குத் திருப்பிக் கட்ட முடியலன்னா யாரு பதில் சொல்றது? வீட்டு ஆம்பளைங்க வரட்டும். இதெல்லாம் இங்க வழக்கமில்ல."

"வழக்கம் இல்லதான், ஊ மகேந்திரன். ஆனா விதி இருக்கு" என்று, பெரியவர்களுக்கான 'ஊ' அடைமொழியை விடாமலே சொன்ன மெஹ்ரீன், புத்தகத்தை விரித்து உரக்கப் படித்தாள். "குடும்ப அட்டையுடன் வரும், அக்குடும்பத்தின் வயதுவந்த எவரும் வாக்களிக்கலாம்."

தலைவர் சுலைமான் புத்தகத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார்.

"எவரும்னுதான் போட்டிருக்கு. கையை எடுங்க, மகேந்திரன். அவங்க உள்ள வரட்டும்."

பிற்பகலில் மகேந்திரனே சீட்டுகளைப் பிரித்து வாசித்தார். நூறு தாண்டியபோது பின்வரிசைப் பெண்கள் எழுந்து மேசையருகே வந்தார்கள். நூற்றுப் பதினெட்டு. அடுத்த இரண்டு சீட்டும் "வேண்டாம்". மெஹ்ரீன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நூற்றுப் பத்தொன்பது. மகேந்திரன் இன்னொரு சீட்டைப் பிரித்துத் தூக்கிக் காட்டினார்.

"வேணும். நூத்தி இருபது!"

அதற்குப் பிறகு அவர் வாசித்தது யாருக்கும் கேட்கவில்லை. கைதட்டல் அடங்கியபோது கணக்கு நூற்று முப்பத்தேழில் நின்றது. மகேந்திரன் மெஹ்ரீனிடம் வந்தார்.

"எனக்குப் பயம் இன்னும் போகல, சயாமா. ஆனா முதல் பத்திரத்த என் பேருல எழுதுங்க."

மெஹ்ரீன் சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது. பக்கத்தில் பவானி கணவனுக்குப் போன் போட்டு, "ஜெயிச்சிட்டோம்! நான் போட்ட ஓட்டுய்யா!" என்று கத்தினாள். அவன் அங்கே யாரிடம் சொன்னானோ, போனுக்குள்ளிருந்து துறைமுகமே சேர்ந்து கூச்சலிடுவது கேட்டது.