கரிக்கொட்டிலில் நாற்பது நிமிடம்

வெஸ்ட் ரோ தெருவில் யாரும் யார் வீட்டு முன்கதவையும் தட்டுவதில்லை. சர்க்கரை கேட்டு வருபவரும் சண்டைக்கு வருபவரும் பின்சந்து வழியாகவே வந்து, முற்றத்தைத் தாண்டி, சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைவார்கள். முன்கதவில் தட்டு விழுந்தால் அது போலீஸ், கடன் வசூல்காரன், இல்லையென்றால் உதவித்தொகை அலுவலகம். அந்த வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு முன்கதவில் மூன்று தட்டு விழுந்ததும் பெவர்லி ஸ்டோக்கோ கையிலிருந்த கப்பைச் சத்தமில்லாமல் மேஜையில் வைத்தாள்.

சோபாவில் கேஸ் கணப்புக்குப் பக்கத்தில் நெவில் உட்கார்ந்திருந்தான். கையில் தேநீர், காலில் செருப்பு, உடம்பில் ஒரு கம்பளிச் சட்டை. அறுபத்தெட்டு வயது, நுரையீரல் பாதி கெட்டுப்போன ஆள். அவன் வீடு அதே தெருவில் முப்பத்தொன்றாம் எண். ஜனவரி முதல் வாரம் அங்கே வீட்டைச் சூடாக்கும் பாய்லர் செத்துப்போனது. அன்றிலிருந்து அவன் இங்கேதான். முதலில் மாலை மட்டும் என்றார்கள், பிறகு இருட்டும் வரை என்றார்கள், பிறகு எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. அவன் சவரக்கத்தி மாடியில் அவள் பல் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் இருந்தது.

இதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். குற்றம் இருக்கிறது. பெவர்லி முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி முதுகு போனவள். தனியாக வாழும் பெண் என்ற கணக்கில் அவளுக்கு உதவித்தொகை வருகிறது. அவனுக்குத் தனி ஆள் கணக்கு. இருவரும் ஒரே கூரைக்குக் கீழே குடும்பம் நடத்துகிறார்கள் என்று யாராவது ஒரு போன் போட்டால் போதும், விசாரணை முடியும்வரை எல்லாம் நின்றுபோகும். ஒன்பதாம் எண் லொரெய்னுக்கு அப்படித்தான் ஆனது. வாசலில் ஒரு ஜோடி ஆண்பிள்ளைச் செருப்பு இருந்தது என்று பதினோரு வாரம் கையில் ஒரு காசு வரவில்லை. போன் செய்தது யார் என்று இன்றுவரை தெரியாது. தெருவில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆறு நாளாக வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே ஏறவில்லை. ஏழு நாள் அப்படியே நின்றால் உதவித்தொகைக்காரர்களுக்குக் கணப்புச் செலவுக்கென்று அரசாங்கம் இருபத்தைந்து பவுண்டு போடும். ஆனால் நம் பள்ளத்தாக்கில் எவ்வளவு உறைந்தாலும் செல்லாது. இருபது மைல் தள்ளிக் கடலோரத்தில் இருக்கும் அரசாங்க வெப்பமானிக்குக் குளிர வேண்டும். அதனால் தெருவே குளிரைத் திட்டிக்கொண்டும், இன்னும் ஒரு நாள் மட்டும் இருந்துவிட்டுப் போ என்று கும்பிட்டுக்கொண்டும் இருந்தது.

மறுபடி தட்டு.

"எந்திரிய்யா," என்றாள் பெவர்லி, குரலே வராமல். "பின்னாடி போ. சந்து வழியா உன் வீட்டுக்கு ஓடிரு."

"சாவி கோட்டுல இருக்கு. கோட்டு..."

"கோட்டு முன்கதவுகிட்ட மாட்டியிருக்கு. நீ போய் எடுத்தா கதவுக் கண்ணாடியில நிழல் தெரியும். போய்யா, போ!"

அவன் பின்கதவைத் திறந்து முற்றத்துக்குப் போய்ப் பின்சந்துப் பக்கம் எட்டிப் பார்த்தான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"சந்துல ஒரு வேன் நிக்குது. உள்ள ஒருத்தன் உக்காந்து நம்ம பக்கமே பாத்துட்டிருக்கான்."

ரெண்டு பேரா வருவாங்க, ஒருத்தன் முன்னாடி, ஒருத்தன் பின்னாடி என்று லொரெய்ன் சொன்னது சொன்னபடியே நடந்தது. முற்றத்து மூலையில் கரிக்கொட்டில் இருந்தது. நிலக்கரிக் காலம் போய் முப்பது வருடம் ஆகியும் யாரும் இடிக்காமல் விட்ட செங்கல் பொந்து. அவள் அவனை அதற்குள் தள்ளினாள். தோளைப் பிடித்து, நிஜமாகவே தள்ளினாள்.

"அஞ்சு நிமிஷம். வாயத் தொறக்காத."

"அறுபத்தெட்டு வயசுல ஒரு பொம்பளை வீட்ல ஒளியுறேன்," என்றான் நெவில், மூச்சு வாங்க. "எங்கப்பன் இருந்திருந்தா பெருமைப்பட்டிருப்பான்."

கதவைச் சாத்திவிட்டு ஓடி வந்து முன்கதவைத் திறந்தாள்.

வாசலில் ஒரு பெண். சிவந்த மூக்கு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் தடித்த கோப்பு. "மிஸஸ் ஸ்டோக்கோவா? என் பேரு பிரிட்ஜெட், ஊர் கவுன்சில்லேர்ந்து வரேன் கண்ணு. குளிர்கால கணப்பு உதவித் திட்டம். உதவித்தொகை வாங்கறவங்க வீட்டுக்கெல்லாம் போய்ப் பாத்துட்டு வரோம். உள்ள வரலாமா? என் காது ரெண்டும் கழண்டு விழுந்துடும் போல இருக்கு."

இந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் கண்ணுதான். அதை நம்ப முடியாது. லொரெய்ன் வீட்டுக்கு வந்தவனும் இப்படித்தான் தேன் ஒழுகப் பேசினானாம். கணப்பு உதவி என்பது உள்ளே நுழைய ஒரு சாக்கு. வராதே என்றால் சந்தேகம் உறுதியாகும். பெவர்லி வழி விட்டாள்.

பிரிட்ஜெட் சோபாவில், நெவில் உட்கார்ந்திருந்த அதே குழியில் உட்கார்ந்தாள். இடம் சூடாக இருந்திருக்கும். மேஜையைப் பார்த்தாள். "ரெண்டு கப் இருக்கே, விருந்தாளி இருந்தாங்களா? நான் தொந்தரவு பண்ணிட்டேனா?"

"ரெண்டும் என்னுதுதான்," என்றாள் பெவர்லி. "ஒண்ணு ஆறிப்போச்சு."

"என்னை மாதிரியே," என்று சிரித்துவிட்டு பிரிட்ஜெட் கோப்பைத் திறந்தாள். பேசுவதில் அவளுக்கு அவசரமே இல்லை. தன் அம்மா வீட்டு ஜன்னல் பற்றிச் சொன்னாள், வழியில் சறுக்கி விழுந்த தபால்காரரைப் பற்றிச் சொன்னாள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கதை வைத்திருந்தாள். பெவர்லி முள்மேல் உட்கார்ந்திருந்தாள். கணப்புக்கு மேலே இருந்த கடிகாரத்தை அவள் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். ஐந்து நிமிடம் எப்போதோ போய்விட்டது. பதினைந்தும் போனது.

"வீட்ல எத்தனை பேரு கண்ணு?"

வந்துவிட்டது. "நான் ஒருத்திதான்."

பிரிட்ஜெட் எழுதினாள். "மாடியில ஈரம் பிடிச்சிருக்கான்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்துடட்டுமா?"

சவரக்கத்தி. "வேணாம்! படியெல்லாம் உளுத்துப்போச்சு. ஏறினா கால் உள்ள போயிரும்."

"ஐயையோ, அப்ப அதையும் எழுதிக்கறேன்," என்று பிரிட்ஜெட் அக்கறையாக எழுதினாள். கல்லு மாதிரி இருந்த படிக்கட்டு அரசாங்கத் தாளில் உளுத்துப்போனது.

அப்போது முற்றத்திலிருந்து இருமல் கேட்டது. ஆழத்திலிருந்து பெயர்த்து எடுப்பது போன்ற நெவிலின் இருமல். பெவர்லி அந்தக் கணமே தானும் இருமினாள். அவன் இருமும்போதெல்லாம் இருமினாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"நெஞ்சு இப்படி இருக்கே! இதைத்தான் கேக்க வந்தேன்." பிரிட்ஜெட் பேனாவை உயர்த்தினாள். "இது டாக்டர் சொன்ன நோயா? ஆஸ்துமா, நுரையீரல், அந்த மாதிரி? வீட்ல அப்படி யாராச்சும், இல்ல அறுபத்தஞ்சு தாண்டினவங்க யாராச்சும்?"

"இல்ல. எனக்குச் சும்மா தொண்டை. வேற யாரும் இல்ல."

"அடடா." அவளுக்கு நிஜமாகவே வருத்தம். "இருந்திருந்தா முதல் வரிசையில போட்டுருப்பேன். பாய்லரை நாலு நாள்ல மாத்திக் குடுக்கறோம், இன்னிக்கே ஒரு ஹீட்டரும் குடுத்துருவோம். வேன்லயே இருக்கு. எங்க டிரைவர் உங்க வீடு எதுன்னு தெரியாம பின்சந்துல நிப்பான், கதவுல நம்பரே இல்ல பாருங்க. நெஞ்சு நோய் இல்லாத தனி ஆள்னா எப்படியும் ஏப்ரல் ஆயிரும்."

பெவர்லி அவள் முகத்தைப் பார்த்தாள். பின்சந்து வேன். ஹீட்டர். இது உளவு பார்க்க வந்தவள் இல்லையோ? ஆனால் இப்போது சொன்னால் என்ன ஆகும்? பொய் சொன்னது எழுத்தில் இருக்கிறது. உண்மை சொன்னால் அதுவும் எழுத்தில் ஏறும். கவுன்சில் வேறு, உதவித்தொகை அலுவலகம் வேறு என்று யார் கண்டது? இவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள்தானே. இவள் போகட்டும். இன்னும் இரண்டு கையெழுத்து, போய்விடுவாள்.

அப்போதுதான் கவனித்தாள். இருமல் நின்றிருந்தது.

காதைத் தீட்டிக் கேட்டாள். கணப்பு உஸ்ஸென்று எரிந்தது. பிரிட்ஜெட் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். முற்றத்தில் ஒரு சத்தமும் இல்லை. நெவில் தூங்கும்போதுகூட இருமுகிறவன். எட்டு வாரமாக அந்த இருமலைத் திட்டிக்கொண்டே தூங்கியவள் அவள். அது இருக்கும்வரை அவன் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நாற்பத்திரண்டு.

"இங்க ஒரு கையெழுத்து," என்றாள் பிரிட்ஜெட்.

"கரிக்கொட்டில்ல ஒரு ஆளு இருக்கான்," என்றாள் பெவர்லி.

"என்ன கண்ணு?"

"என் கரிக்கொட்டில்ல ஆளு இருக்கான்! நான்தான் தள்ளினேன். இருமலைக் காணோம்!"

முதுகு வலியெல்லாம் எங்கே போனதோ, அவள் சமையலறையைத் தாண்டி ஓடினாள். கொட்டில் கதவைத் தள்ளினாள், திறக்கவில்லை. உள்ளே அவன் சரிந்து கதவை அடைத்துக் கிடந்தான். பின்னால் வந்த பிரிட்ஜெட் பின்சந்துப் பக்கம் பார்த்து, "டெரக்! டெரக்!" என்று கத்த, வேனிலிருந்த பருத்த மனிதன் சுவரேறிக் குதித்து வந்தான். மூவரும் சேர்ந்து கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நெவிலை வெளியே எடுத்தார்கள். உதடு நீலம். முகமெல்லாம் பழைய கரித்தூள். உடம்பு நடுங்கவே இல்லை. குளிர் முற்றினால்தான் நடுக்கம் நிற்கும்; நடுங்கியிருந்தால் பெவர்லிக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"நெவில். யோவ் நெவில். என்னப் பாருய்யா."

அவன் கண் கொஞ்சம் திறந்தது. "போயிட்டாங்களா?" என்றான்.

கணப்பின் முன்னால் கிடத்தி, வீட்டிலிருந்த போர்வை எல்லாவற்றையும் போட்டார்கள். டெரக் ஹீட்டரைக் கொண்டுவந்து சொருகினான். "நாப்பது நிமிஷமா அந்தச் சுவருக்கு நேரா உக்காந்திருந்தேனே," என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். "நேரா உக்காந்திருந்தேனே."

ஆம்புலன்ஸ் முன்வாசலுக்கு வந்தது. தெருவில் உள்ள அத்தனை முன்கதவுகளும் திறந்தன. வருடம் முழுக்கத் திறக்காத கதவுகள்கூடத் திறந்தன. கை கட்டிக்கொண்டு, வாயில் பனிப்புகை விட்டுக்கொண்டு எல்லோரும் நின்றார்கள். லொரெய்னைப் பற்றி போன் போட்டது யாரோ, அந்த ஆளும் அங்கேதான் நின்றிருக்க வேண்டும்.

ஸ்ட்ரெச்சரோடு வந்த பெண் கேட்டாள்: "எவ்வளவு நேரம் குளிர்ல இருந்தாரு?"

பத்து நிமிடம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பயம் பழகிப்போனால் பொய்தான் முதலில் வருகிறது. "நாப்பது நிமிஷம்," என்றாள் பெவர்லி. "கோட்டு இல்லாம."

"விலாசம்?"

பதில் ஸ்ட்ரெச்சரிலிருந்து வந்தது. "முப்பத்தொண்ணு, வெஸ்ட் ரோ," என்றான் நெவில், ஒவ்வொரு சொல்லாக மூச்சைத் தேடித் தேடி. "இங்க... சும்மா டீ குடிக்க வந்தேன். நான் இங்க... இருக்கறதில்ல."

அவனுக்குத் தன் பெயரைச் சொல்லவே மூச்சில்லை. இருந்த மூச்சை எல்லாம் அவளைக் காப்பாற்றச் செலவழித்துக்கொண்டிருந்தான். பெவர்லிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தெருவைப் பார்த்தாள். ஒவ்வொரு வாசலாகப் பார்த்தாள். பதினோரு வாரம் என்று மனம் சொன்னது. பதினோரு வாரம் எப்படி இருக்கும் என்று லொரெய்னைப் பார்த்தே அவள் தெரிந்துகொண்டிருந்தாள்.

"அந்த வீட்ல கணப்பு இல்ல," என்றாள் உரக்க. "ரெண்டு மாசமா அவன் இங்கதான் இருக்கான். என்கூட. சரியாயி வந்தா இங்கதான் கொண்டுவந்து விடணும்."

தெருவில் ஒருவர்கூட இருமவில்லை.

பிரிட்ஜெட் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். "நான் உதவித்தொகை ஆபீஸ் ஆளு இல்ல பெவர்லி. ஆனா இந்தத் தாளு எத்தனை மேஜை தாண்டிப் போகும்னு எனக்கே தெரியாது. உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். வீட்ல ஆளு ஒண்ணுன்னுதான் எழுதியிருக்கேன். அப்படியே விட்டுடவா?"

"அடிச்சிட்டு ரெண்டுன்னு போடுங்க."

"உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு."

"அதக் காலியா விடுங்க. அவன்கிட்ட நான் இன்னும் கேக்கலை."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். முன்கதவருகே மாட்டியிருந்த நெவிலின் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் படியில் கால் வைத்தாள். டெரக்தான் தோளைப் பிடித்து ஏற்றிவிட்டான்.