டீக்கு அரை மணி நேரம்

அமரர் ஊர்தி ஓட்டுநர் மூன்றாவது முறையாக வாசலில் வந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது, மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடத்தில் குளிர்பெட்டிக்குள் அம்மா. பக்கத்தில் நாற்காலி போட்டு, கைபேசியும் கையுமாக அப்பா.

"ரெண்டு மணிக்கு எனக்கு இன்னொரு இடம் இருக்கும்மா" என்றார் ஓட்டுநர்.

"அவர்கிட்டயே சொல்லுங்க."

சொல்லிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். அப்பா முப்பத்தைந்து வருடம் பேருந்து நிலையத்தில் டைம்கீப்பர். நேற்று வெளிநாட்டிலிருந்து அண்ணன் "நம்மூர் நேரம் சாயங்காலம் ஏழு மணிக்கு ப்ளேன் ஏறிடுவேன்ப்பா" என்று சொல்லிப் போனை வைத்ததுமே, இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கைபேசியில் தேடிப் பிடித்துவிட்டார். பதிமூன்றாயிரத்து நானூறு கிலோமீட்டர். மணிக்குத் தொள்ளாயிரம். ஆக, பதினைந்து மணி நேரம். பழக்க தோஷத்தில் டீ குடிக்க அரை மணி. இறங்கி வீட்டுக்கு வர ஒரு மணி. "பதினொன்றரைக்கு வாசல்ல இருப்பான்" என்று வந்தவர்கள் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. ஆகாயத்தில் யார் டீக்கடை வைத்திருக்கிறார்கள் என்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

இப்போது மணி பன்னிரண்டு.

"அது நேர்க்கோட்டுக் கணக்குப்பா. நேரா ப்ளேனே கிடையாது. நடுவுல இறங்கி மாறணும். அவன் வர ராத்திரி ஒன்பதாயிடும். நாளைக்குக் காலையில எடுத்துக்கலாம்."

"இதுல போட்டிருக்கிற தூரத்துக்குப் பதினஞ்சுதான் வருது."

மூன்று வருடமாக அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தது, துடைத்துவிட்டது, திட்டு வாங்கியது எல்லாம் இவள். இன்றைக்கும் வீடு காத்திருப்பது அவனுக்காக. எரிச்சலாக இருந்தது. இன்றைக்குப் போய் எரிச்சல்படுகிறோமே என்று அதைவிட எரிச்சலாக இருந்தது.

எந்த ஊரில் இறங்கி நிற்கிறான் என்றாவது கேட்போம் என்று அடுப்படிக்குப் போய் அண்ணனை அழைத்தாள். போனை அணைத்து வைத்திருப்பான் என்று நினைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"எங்கண்ணா இருக்க?"

அவன் பதில் சொல்வதற்குள் பின்னால் அவனுடைய சின்ன மகளின் குரல் கேட்டது. "அப்பா, என் போர்வை எங்க?" தனியாகக் கிளம்புவதாகத்தான் சொல்லியிருந்தான்.

"வீட்லயா இருக்க?"

"விசாவைப் புதுப்பிக்கக் குடுத்திருக்கேன்மா. இப்பக் கிளம்பினா திரும்ப உள்ள விடமாட்டாங்க. அப்பா கேட்டப்ப வாயில வரல."

"எங்கிட்டயாவது நேத்தே சொல்லியிருக்கலாம்ல."

"நீ அவர்கிட்டப் பக்குவமா சொல்லிடு." அவன் அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. பக்குவமும் இவள் தலையில்தான் விடிந்தது. பேச்சை அதோடு துண்டித்தாள்.

கூடத்துக்கு வந்தாள். "அப்பா, மாற வேண்டிய ப்ளேனை விட்டுட்டானாம். ரெண்டு நாள்ல வந்துடுவான். நம்மள எடுத்துடச் சொல்லிட்டான்."

எந்த ஊரில் விட்டான் என்று கேட்பார் என ஓர் ஊர்ப் பெயரைக்கூடத் தயாராக வைத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து, "எடுத்துடலாம்ப்பா" என்றார் ஓட்டுநரிடம்.

வண்டியின் பின்கதவைத் திறந்தார்கள். அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

"நாம திரும்பி வந்ததும் மாடி ரூம்ல அவனுக்குப் போட்ட படுக்கையைச் சுருட்டி வச்சிடும்மா."