வலப்பக்க ஸ்பீக்கர்

1

இக்கதையை நான் தேடிச் செல்லவில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பின்னால் மண்டியிட்டிருந்த ஒருவர், ஒரு புதன்கிழமை பிற்பகலில் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எட்டு நாள் எழுதாமல் வைத்திருந்தேன்.

முதல் தொடக்கம்: ‘வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.’ அடித்துவிட்டேன். மழை பெய்யவில்லை.

இரண்டாம் தொடக்கம்: ‘2004ஆம் ஆண்டில் ஞானையா ஒரு ஹோம் தியேட்டர் வாங்கினார்.’ இது உண்மை, இதிலிருந்தே தொடர்கிறேன். ஞானையா என் கணவர். அவருடைய மனைவியை மட்டும் ரத்தினபாய் என்று வேறொருத்தியாக எழுதுகிறேன். அவள் செய்ததை ‘நான் செய்தேன்’ என்று எழுதக் கை வரவில்லை.

2

ஞானையா நாற்பதாண்டுக்காலம் ஆலயப் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடியவர். (ஆண்குரல்களுள் அடியில் நிற்பது. அது இருக்கும்போது எவரும் கவனிப்பதில்லை.) ஹோம் தியேட்டரை அவர் படம் பார்க்க வாங்கவில்லை. 1998 கிறிஸ்துமஸில் குழு பாடிய பதிவைக் கேட்க வாங்கினார். தாம்பரத்தில் கடை வைத்திருக்கும் அப்துல் கஃபார் வந்து இணைத்தார். நாடாவால் அளந்து, இரு ஸ்பீக்கர்களுக்கும்* சரிநடுவில் நாற்காலியைப் போட்டார்.

“சார், இந்த எடத்த வுட்டு நவுராதீங்க. பாட்டு உங்க முன்னாடி வந்து நின்னுகினு பாடும்.”

“தண்ணி குடிக்க எழுந்திருக்கலாமா?”

“குடிச்சிட்டு இங்கயே வந்து குந்துங்க.”

(*‘ஒலிபெருக்கி’ என எழுதிப் பார்த்தேன். தேர்தல் வண்டிதான் நினைவுக்கு வந்தது.)

3

2006 டிசம்பரில் கூடத்துக்கு வண்ணம் பூசினார்கள். ரத்தினபாய் வயர்களைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி, ‘இடம்’, ‘வலம்’ என்று எழுதிவைத்தாள்.

“கஃபாரைக் கூப்பிடலாமே” என்றார் ஞானையா.

“எல்லாம் எழுதி வச்சிருக்கேன். அவர் எதுக்கு?”

அவளே மாட்டினாள். ஒவ்வொரு வயருக்கும் இரு முனைகள் உண்டு, ஒன்று சிவப்புத் துளைக்கு, மற்றது கறுப்புத் துளைக்கு என்பதை அவள் —

(இவ்வாக்கியத்தை நான்கு முறை முடித்தேன். ‘அறியவில்லை’ என்பது பொய். ‘கவனிக்கவில்லை’ என்பது சலுகை. இப்படியே நிற்கட்டும்.)

அன்று மாலை பதிவைப் போட்டார்.

“ரத்தினம், கீழ்க்குரலைக் காணோம். நாலு பேர் பாடினோம், ஒருத்தர்கூட இல்ல.”

“எனக்கு நல்லாத்தான் கேக்குது.” சமையலறை வாசலில் நின்று சொன்னாள்.

“சரியா மாட்டினியா?”

“பெட்டியில ஒரு கோளாறும் இல்ல. உங்க காதைப் பாருங்க.”

நாவலூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஆஷா அவரைச் செவி மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். வயதுக்கேற்ற குறைவு சிறிது உண்டு என்றார் மருத்துவர். எழுபது வயதில் எவருக்கும் உள்ள குறைவு. ரத்தினபாய்க்கு அது போதுமானதாயிருந்தது. காதுக்கருவி வந்தது, அதை அணிந்தும் கீழ்க்குரல் வரவில்லை. பிப்ரவரியில் ஞானையா குழுத்தலைவர் தாவீதிடம் தம் பாடகர் அங்கியைத் திருப்பிக் கொடுத்தார்.

“என் காதை நானே நம்ப முடியல, தாவீது. மத்தவங்க சுருதியைக் கெடுக்கக் கூடாது.”

அதன்பின் ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாய் மூடி நின்றார். செப்டம்பரில் மாரடைப்பால் இறந்தார்.

4

இங்கே ஒரு பக்கத்தைக் கிழித்திருக்கிறேன். தொடக்கத்திலேயே தவறாக இணைத்தவர் அப்துல் கஃபார் என்று எழுதிய பக்கம். கதை சீராக ஓடியது. ஆனால் அவர் ஞானையாவின் அடக்கத்துக்கு வந்து கடைசிவரை நின்றவர்.

கடந்த மாதம் ஆஷா புதிய தொலைக்காட்சி வாங்கினாள். அதை இணைக்க வந்த கஃபார், பின்னால் குனிந்தவர் நிமிரவில்லை.

“யாரும்மா இதுல கை வச்சது?”

“ஏன்?”

“வலது ஸ்பீக்கர்ல செவப்பும் கறுப்பும் மாறிக் கீது. இடது காத்தத் தள்ளும்போது இது இழுக்கும், ரெண்டும் ஒண்ண ஒண்ணு அழிச்சிடும். நடுவுல குந்தினா அடிக்குரல் அம்பேல்.”

“ஓரமா நின்னு கேட்டா?”

“அவ்வளவாத் தெரியாது. நடுவுல கீறவங்களுக்குத்தான்…” அந்த நாற்காலியைப் பார்த்தார். குரல் தாழ்ந்தது. “சார் எதுனா சொன்னாராம்மா?”

ரத்தினபாய் விடை சொல்லவில்லை. நான் விடை சொல்லவில்லை.

அவர் மாற்றிப் போட்டார். ஒரு நிமிட வேலை.

“ஏதாச்சும் போட்டுப் பாக்கட்டா?”

“வேண்டாம்.”

5

மாலையில் ஆஷா கேட்டாள்: “கஃபார் அண்ணா என்ன சொன்னார்?”

“ஒண்ணுமில்ல. வயர் லூஸ்.”

தட்டின் முன் உட்கார்ந்தும் அவள் சோற்றைத் தொடவில்லை. “அப்பாவை நான் வேற டாக்டர்கிட்ட காட்டியிருக்கணும்மா. முன்னாடியே. பாடிக்கிட்டாவது இருந்திருப்பார்.”

“சாப்பிடு” என்றேன்.

முடிவு ஒன்று: நான் சொல்கிறேன்; அவள் அழுது, மன்னிக்கிறாள். பிறர் தரவேண்டிய மன்னிப்பை நானே எழுதிக்கொள்வது முறையன்று.

முடிவு இரண்டு: பதிவைப் போட்டு அவளை நடுவில் உட்காரவைக்கிறேன். தந்தையின் குரல் எழுகிறது. அவளே உணர்ந்து என் பக்கம் திரும்புகிறாள். அழகான முடிவு, கோழையின் முடிவும்கூட.

முடிவு மூன்று: நான் —

ஆஷா தமிழ்க் கதைகள் படிப்பதில்லை. அதை அறிந்தே இதை அச்சுக்குக் கொடுத்தேன். இப்போது உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நாள்தோறும் காலை ஏழரைக்கு, கம்பெனிப் பேருந்துக்காக ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் நிற்பாள். நீங்கள் அவளைக் காண்பதற்குள் நான் சொல்லியிருக்காவிட்டால், நீங்கள் சொல்லலாம். தடுக்க எனக்கு உரிமையில்லை. ஒன்று மட்டும்: என்னிடமிருந்து தொடங்காதீர்கள். உன் அப்பாவின் காது கடைசிவரை சரியாகவே இருந்தது என்று தொடங்குங்கள்.