மூன்றாவது பத்தி

அலுவலகத்தில் அவளுக்கு 'மன்னிப்பு மேடம்' என்று பெயர். பதினேழு வருடமாக அவள் எழுதும் கடிதங்கள் எல்லாம் "தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்றே தொடங்குவதால் யாரோ விளையாட்டாக வைத்தது, ஒட்டிக்கொண்டது. விலை உயர்ந்த வாசனைத் திரவியங்கள் தயாரிக்கும் நிறுவனம் அது. கீழ்த்தளத்தில் பளிங்குத் தரையும் கண்ணாடி அலமாரிகளுமாகக் காட்சியறை. மூன்றாம் தளத்தில், நகல் இயந்திரத்துக்கும் கழிவறைக்கும் நடுவில் அவளுடைய மேசை. வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுத ஒரு காலத்தில் நான்கு பேர் இருந்தார்கள். ஒருத்தி கல்யாணமாகிப் போனாள், ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவரை நீங்களே போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான்கு பேர் வேலையும் இப்போது அவள் தலையில்தான்.

மூடி இறுகிவிட்டது, பெட்டி நசுங்கி வந்தது, இதைப் போட்டால் கணவர் தும்முகிறார் என்று கடிதங்கள் வரும். அவை பழகிப் போனவை. எட்டு மாதங்களுக்கு முன்பு வேறு மாதிரிக் கடிதங்கள் வரத் தொடங்கின. எல்லாம் ஒரே சரக்கைப் பற்றி. நாற்பது வருடமாக விற்கும், பச்சைக் கண்ணாடி மூடி போட்ட சென்ட். "மணம் மாறிவிட்டதே, என்ன செய்தீர்கள்?" என்று எல்லோரும் கேட்டார்கள்.

மாறித்தான் இருந்தது. அதில் சேர்க்கும் மரப்பாசிச் சாறு சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்குகிறது என்று அதற்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. சாற்றை எடுத்துவிட்டு வேறெதையோ சேர்த்து நிரப்பினார்கள். ஆனால் மாற்றியதாக வெளியே மூச்சு விடக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் பொறுப்பு மன்னிப்பு மேடத்திடம் வந்தது.

ஒரு மாதிரிக் கடிதம் தயாரித்தாள். முதல் பத்தியில் மன்னிப்பு. இரண்டாவதில், புட்டியை வெயில் படாமல் வைக்கச் சொல்லும் அறிவுரை. மூன்றாவது பத்திதான் முக்கியம்: "வயதும் உடல்நிலையும் மாறும்போது நுகரும் திறனும் மெல்ல மாறுவது இயல்பு. பழகிய மணம் வேறாகத் தோன்றினால், மாறியது மணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை."

மேனேஜர் படித்துவிட்டுச் சிரித்தார். "கத்தி மாதிரி எழுதியிருக்கீங்க மேடம். குத்தினதும் தெரியல, ரத்தமும் வரல."

அந்தக் கடிதம் நானூறுக்கும் மேற்பட்டவர்களுக்குப் போனது. பெரும்பாலானோர் மறுபடி எழுதவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணி வாக்கில் தொலைபேசி வந்தது. நடுவயது ஆணின் குரல்.

"மேடம், உங்களுக்கு நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன்."

பதினேழு வருடத்தில் நன்றி சொல்ல யாரும் கூப்பிட்டதில்லை. அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்கம்மா உங்களுக்கு லெட்டர் போட்டிருந்தாங்க. அந்தப் பச்சை மூடி சென்ட் மாறிடுச்சுன்னு. ஆறு மாசமா வீட்ல இதே பாட்டுதான். நடுவுல ரெண்டு தடவை அடுப்பை அணைக்க மறந்துட்டாங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். வாசனை எல்லாம் சரியா தெரியுதான்னு அவர் கேட்டார். சில பேருக்கு ஞாபகம் போறதுக்கு முன்னாடி மூக்கு போகுமாமே. அம்மா ஒத்துக்கவே இல்ல. 'என் மூக்கு நல்லாத்தான் இருக்கு, அவங்கதான் மாத்திட்டாங்க'ன்னு ஒரே பிடிவாதம்."

"ம்…"

"உங்க பதில் வந்துது. ரெண்டு தடவை படிச்சாங்க. அதோட சரி, வாயே திறக்கல. மறுநாள் அவங்களே, 'சரிப்பா, நீ சொன்ன இல்லத்துலயே சேர்ந்துக்கறேன்'னுட்டாங்க. அடுத்த வாரம் கொண்டு போய் விடறோம். நாங்க எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம் மேடம், ஒண்ணும் நடக்கல. உங்க லெட்டர்தான் வேலை செஞ்சுது."

"நல்லதுங்க" என்றாள் அவள். தொலைபேசியை வைத்த பிறகு, நல்லது என்று சொன்னதை நினைத்து அவளுக்கு உடம்பு கூசியது.

கோப்பைப் புரட்டி அந்த அம்மாவின் கடிதத்தைத் தேடி எடுத்தாள். நீல மையில், நேரான வரிகளில் ஒரு பக்கம். "முதல் பத்து நிமிடம் குறை ஒன்றும் இல்லை. அதன் பிறகு, மழை நின்ற மரத்தடி போல ஒரு ஈரம் வரும். இப்போது அந்த இடத்தில் சலவைத்தூளின் மணம் வருகிறது. காரணம் அறிய விரும்புகிறேன்." அவ்வளவுதான். அழுகையும் இல்லை, திட்டும் இல்லை. இந்தக் கடிதத்தை அப்போது அவள் முழுதாகப் படிக்கவே இல்லை. 'மணம் மாற்றம்' என்று மேலே குறித்துவிட்டு மாதிரிக் கடிதத்தை அனுப்பியிருந்தாள்.

கடிதத்தோடு ஐந்தாம் தளத்துக்கு ஏறினாள். அங்கே மணங்களைக் கலந்து உருவாக்குபவர் இருந்தார். மூக்கு சின்னதுதான் என்றாலும் அலுவலகம் முழுவதும் அவருக்குப் 'பெரிய மூக்கு' என்றுதான் பெயர். மெல்லிய காகிதப் பட்டைகளை விசிறி போலப் பிடித்து ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டிருந்தவர், கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார்.

"சலவைத்தூள்…" என்றார். "சரியாத்தான் சொல்லியிருக்காங்க. நான் அறுபத்தோரு தடவை மாத்தி மாத்திக் கலந்து பார்த்தேன். அறுபத்தோரு தடவையும் எனக்கும் அதேதான் தோணுச்சு. தேதி வந்துடுச்சு, இதுவே போதும்னு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அவங்களை இல்லத்துல சேர்க்கப் போறாங்க சார். என் லெட்டரால."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைக் கசக்கினார். உள்ளறைக்குப் போனார். தயாரிக்கும் ஒவ்வொரு கலவையிலும் ஒரு புட்டியை எடுத்து வைக்கும் குளிர்ந்த அறை அது. திரும்பி வந்து, சுண்டுவிரல் அளவில் இரண்டு குப்பிகளை அவள் கையில் வைத்தார். ஒன்றில் பழையது, ஒன்றில் புதியது.

"நான் குடுத்தேன்னு தாராளமா சொல்லுங்க. எனக்கும் அலுத்துப் போச்சு" என்றார்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னபோது அவர் அப்படிச் சொல்லவில்லை. "ஒருத்தருக்கு உண்மையைச் சொன்னா நானூறு பேர் கேட்பாங்க. சட்டப் பிரிவு என் தோலை உரிச்சிடும். வேணும்னா அந்தம்மாவுக்கு ஒரு கிஃப்ட் பாக்ஸ் அனுப்புங்க" என்றார்.

மாலை வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எண்ணெய்க் கறை போகக் கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"எனக்கு உங்க கம்பெனி சென்ட் எல்லாமே ஒண்ணாத்தான் தெரியும்" என்றான். பிறகு, "வேலை போனா போகட்டும்னு பெருசா சொல்ல ஆசையாத்தான் இருக்கு. நம்ம நிலைமைக்கு அப்படிச் சொல்ல வாய் வரல. ஆனா போகாதேன்னும் நான் சொல்ல மாட்டேன்" என்றான்.

மறுநாள் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு பேருந்து மாறி அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனாள். நான்காவது மாடி. நடையில் அட்டைப்பெட்டிகள் பாதி நிரம்பிக் கிடந்தன. கதவைத் திறந்தவருக்கு அறுபத்தெட்டு, எழுபது வயது இருக்கும். வெட்டிய நரைமுடி, இஸ்திரி போட்ட சட்டை. சுவரில் ஓர் அச்சகம் கொடுத்த பாராட்டுப் பத்திரம் மட்டும் இன்னும் கழற்றப்படாமல் இருந்தது. முப்பத்தெட்டு வருடம் மெய்ப்புத் திருத்துநர், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பவர்.

அவள் தன்னை இன்னார் என்று சொன்னதும் அந்த அம்மா உட்காரச் சொல்லவில்லை. அவளும் நின்றபடியே, கொண்டு வந்திருந்த இரண்டு காகிதப் பட்டைகளைக் குப்பிகளில் நனைத்து, எது எது என்று சொல்லாமல் நீட்டினாள். அந்த அம்மா வாங்கிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம் போகட்டும் என்று காத்திருந்தார். பிறகு கண்ணை மூடி முகர்ந்தார்.

"இது பழசு" என்று இடது கையைத் தூக்கினார். "இது நீங்க இப்போ விக்கறது."

"சரிதாங்க. எட்டு மாசம் முன்னாடியே மாத்திட்டாங்க. உங்க மூக்குல ஒரு குறையும் இல்ல."

ஒரு நன்றியையோ கண்ணீரையோ அவள் எதிர்பார்த்திருக்கக்கூடும். இரண்டும் வரவில்லை. பட்டைகளை மேசையில் இணையாக வைத்துவிட்டு அந்த அம்மா கேட்டார், "அந்த மூணாவது பத்தி யார் எழுதினது?"

"நான்தாங்க."

"நல்லா எழுதியிருந்தீங்க. ரெண்டு தடவை பார்த்தேன். ஒரு பிழை கூட இல்ல."

கன்னத்தில் அறை விழுந்தது போல இருந்தது அவளுக்கு. பேருந்தில் யோசித்து வைத்திருந்த மன்னிப்பு, தொழிலே அதுவாக இருந்தும், இங்கே செல்லாது என்று தெரிந்தது.

"அடுப்பை மறந்தது நிஜம்தான்" என்றார் அந்த அம்மா. "அதை நான் இல்லன்னு சொல்லல. என் பையனும் கெட்டவன் இல்ல, பயந்துட்டான். ஆனா உங்க லெட்டரைப் படிச்சப்புறம் எனக்கே என் மேல நம்பிக்கை போயிடுச்சு. ஒரு வார்த்தையைப் பார்த்தா, இது சரிதானான்னு சந்தேகம். காபியை முகர்ந்தா சந்தேகம். இந்த ரெண்டு வாரம் நான் எப்படி இருந்தேன்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியாதுங்க."

"வாயால சொன்னா அவன் நம்ப மாட்டான். எழுதிக் குடுப்பீங்களா?"

அவள் உட்கார்ந்து, கிடைத்த தாளில் எழுதினாள். எந்த மாதம், எதை எடுத்தார்கள், பதில் கடிதத்தில் சொன்னது பொய் என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த அம்மா தாளை வாங்கிப் படித்தார். பழக்க தோஷத்தில் கை பேனாவுக்குப் போனது. 'மாற்றபட்டது' என்று அவள் எழுதியிருந்த இடத்தில் ஒரு 'ப்' சேர்த்தார்.

"பதட்டத்துல விட்டுட்டீங்க" என்றார். அப்போதுதான், "தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டார்.

இரண்டு நாளில் மகன் அந்தத் தாளோடு காட்சியறைக்கு வந்து, வாடிக்கையாளர்கள் முன்னிலையில் கத்தினான். அவளை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீளமான மேசை, எதிரே மூன்று பேர். எதையும் அவள் மறுக்கவில்லை. வேலையை விட்டுத் தூக்கினால் விஷயம் வெளியே போகும் என்று பயந்தோ என்னவோ, கிடங்கில் திரும்பி வரும் சரக்குகளைப் பிரிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். மூன்றாவது பத்தியைச் சத்தம் போடாமல் எடுத்துவிட்டார்கள். பெரிய மூக்கை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய மூக்கு அவர்களுக்கு வேண்டியிருந்தது.

கிடங்கில் நாள் முழுக்க நின்றபடி வேலை. சாயங்காலத்தில் முழங்கால் கெஞ்சும். உடைந்த புட்டிகளின் இருபது முப்பது மணங்கள் ஒன்றாகச் சேர்ந்து தலையைப் பிளக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் கணவன் ஜன்னலைத் திறப்பான். "இப்போ எல்லாமே ஒண்ணுதான்னு நீயும் ஒத்துக்கறியா?" என்பான். அவளுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பு இருக்காது. நல்ல காரியம் செய்தோம் என்ற நிம்மதி ஒரு நாள் வரும் என்று நினைத்திருந்தாள். நானூறு பேரில் ஒருவருக்குத்தான் சொல்லியிருக்கிறோம் என்ற கணக்குதான் வந்தது.

நான்கு மாதம் கழித்து, மதிய இடைவேளையில் அந்த அம்மா கைப்பேசியில் கூப்பிட்டார்.

"மறுபடியும் டெஸ்ட் எடுத்தாங்க. கொஞ்சம் மறதி இருக்காம். ஒரு வருஷம் கழிச்சுப் பார்க்கலாம்னுட்டார் டாக்டர். தானா அணையற அடுப்பு வாங்கிக் குடுத்திருக்கான் பையன். பெட்டியெல்லாம் பிரிச்சாச்சு."

"ரொம்ப சந்தோஷங்க."

"சந்தோஷம்னு சொல்ல முடியாது. வீட்ல இருக்கேன், அவ்வளவுதான். நீங்க எப்படி இருக்கீங்க?"

"வேற இடத்துக்கு மாத்திட்டாங்க. கால் வலிதான்."

"உக்காந்து செய்ய முடியாதா?"

"ஸ்டூல் கேட்டிருக்கேன். குடுப்பாங்களான்னு தெரியல."

"எழுதிக் கேளுங்க. உங்களுக்குத்தான் நல்லா எழுத வருமே" என்றார் அந்த அம்மா. குத்தலாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று அவளுக்குப் புரியவில்லை.

"இப்போ என்ன சென்ட் போடறீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல. சோப்புப் போட்டுக் குளிக்கிறேன், போதாதா?"

இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். அந்த அம்மா வைத்துவிட்டார். அவள் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி, கவிழ்ந்து கிடந்த ஒரு காலிப் பெட்டி மேல் உட்கார்ந்தாள். மணி அடிக்க இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது.