பத்தில் நிற்கிற கால்

நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில், நடனம் பழகுகிற ஒரு பழைய கிடங்கின் மேல்மாடி. ஞாயிறு பின்னேரம். துஷாந்தினி ஆணி அடித்த சப்பாத்தின் வாரை இரண்டாந்தரமும் இழுத்து மாட்டினாள். நாற்பத்தாறு வயது, கிழமை நாட்களில் மருந்துத் தொழிற்சாலையில் குளிசை அடைக்கிற வேலை. ஒன்பது வருடம் ஃபிளமெங்கோ நடனம் பழகியும் மேடையில் தனியாக ஆடியதில்லை. ஜூலை நிகழ்ச்சியில் ஓர் இடம் இருக்கிறது. ஸ்பெயினிலிருந்து வந்திருக்கிற பாடகர் சரியென்றால் அவளுக்கு. இல்லையென்றால் வேறு ஆளுக்கு.

ஆடவேண்டியது சொலெயா என்கிற ஃபிளமெங்கோ வகை. தென் ஸ்பெயினில் அந்தலூசியாவின் ரோமா மக்கள் வீடுகளில் பாடி வளர்ந்தது; கித்தார் சேரமுன்னம் மேசையில் விரல் முட்டியால் தட்டித்தான் பாடினார்களாம். பேரிலேயே தனிமை இருக்கிறது. சுற்றுக்குப் பன்னிரண்டு எண்ணிக்கை. ஆடுகிறவள் காலால் பாடகரைக் கூப்பிட்டு, பத்தில் டக்கென்று நிற்கவேண்டும். பதினொன்றும் பன்னிரண்டும் அவர் மூச்செடுக்க. பிறகு குரல்.

அங்கேதான் சிக்கல். சின்ன வயதில் பரதம் பழகிய கால் அது. தீர்மானம் என்கிற முடிப்பு வைத்தால் அடுத்த சுற்றின் ஒன்றில் விழுந்தால்தான் அதற்கு நிம்மதி. போதாததற்குக் கணவர் இரவிச்சந்திரன் கோயிலில் மிருதங்கம் வாசிக்கிறவர். லாசாலில் இருக்கிற வீட்டுக் குசினியில் அவர்தான் தாளம் போட்டுப் பழக்கினார்.

"பத்திலை நிப்பாட்டினா சோத்தைப் போட்டிட்டுக் கறி விடாத மாதிரியெல்லோ," என்பார். "ஒண்டிலை கொண்டுவந்து வையும்."

"வைச்சா பாடுற ஆளின்ரை வாயிலை மிதிச்ச மாதிரியப்பா."

குழுவை நடத்துகிற கத்தரின் கைதட்டத் தொடங்கினாள். துஷாந்தினியின் கால் பேசிக்கொண்டு போயிற்று. எட்டு, ஒன்பது, பத்து. நிற்கவில்லை. பாடகர் வாய் திறந்த கணத்தில் அவள் குதிகால் தரையில் விழுந்தது. குரல் அறுந்தது. பார்க்க வந்து மூலையில் இருந்த இரவிச்சந்திரனின் கையும் தாளத்துக்கு அப்போதுதான் தொடையில் விழுந்திருந்தது.

பாடகர் தண்ணீர் குடித்துவிட்டு ஒரு விரலைக் காட்டினார்.

"இன்னும் ஒருதரம்தான்," என்றாள் கத்தரின். "மற்றவள் நாலு மணிக்கு வருகிறாள்."

துஷாந்தினி மூலைக்குப் போனாள். "இஞ்சாருங்கோ, கொஞ்சம் வெளியிலை நில்லுங்கோ."

"நான் வாயே திறக்கேல்லையே."

"உங்கடை கை திறந்தது. என்ரை கால் அதுக்குத்தான் காத்துக்கொண்டு நிக்குது."

"வேணுமெண்டா கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறன்."

அவள் சிரிக்கவில்லை. அவருடைய முகம் கறுத்துப்போயிற்று. ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மறுபடியும் தொடக்கம். எட்டு. ஒன்பது. பத்து.

நின்றாள்.

பதினொன்று. குதி விழ இடம் கேட்டுத் துடித்தது. தொடையை இறுக்கிப் பிடித்தாள். பன்னிரண்டு. பாடகரின் நெஞ்சு ஏறியது. பிறகு குரல் வந்தது. எவரும் மிதிக்காத குரல். பாட்டு முடியும்வரை அவர் நிறுத்தவேயில்லை. முடிந்ததும் கத்தரினைப் பார்த்துத் தலையசைத்தார். கத்தரின் தாளில் துஷாந்தினியின் பேரை எழுதினாள்.

கதவைத் திறந்தால், படிக்கட்டில் இரவிச்சந்திரன். வலது கையைக் கக்கத்துக்குள் செருகியிருந்தார்.

"கிடைச்சிட்டுது," என்றாள்.

"ஓம், கேட்டது. பத்திலை நிண்டீர்." படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியைக் காட்டினார். "ஒண்டு வரேக்கை இந்தக் கம்பியிலை ஒரு தட்டுத் தட்டிப்போட்டன். உள்ளை கேட்டதோ?"

"கேக்கேல்லையப்பா."

அவள் அந்தக் கையை இழுத்துப் பார்த்தாள். உள்ளங்கை சிவந்திருந்தது.